மருத்துவமனைச் சுவருக்குப் படம்: தேர்வு முதல் பராமரிப்பு வரை

மருத்துவமனைகளில் படம் மாட்டும் வேலை பெரும்பாலும் கடைசி வாரத்துக்குத் தள்ளப்படுகிறது. பெயின்ட் காய்ந்து திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகு, ஃபிரேம் கடையில் மொத்தமாகப் பத்து இருபது படம் வாங்கி, காலியாகத் தெரிகிற இடத்திலெல்லாம் மாட்டிவிடுவார்கள். மாட்டுபவர் நின்றுகொண்டு பார்க்கிறார், நோயாளியோ படுத்துக்கொண்டு பார்க்கிறார். நடந்து போகிறவருக்கு அது இரண்டு நொடிக் காட்சி. படுத்திருப்பவருக்குக் காலையிலிருந்து இரவு வரை கண்ணெதிரே நிற்கிற ஒன்று, பிடிக்காவிட்டாலும் எழுந்து போக முடியாது. கீழே உள்ள யோசனைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே வருபவை.

செலவுக்குக் காரணம் கேட்டால்

படத்துக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்றுதான் நிர்வாகம் முதலில் கேட்கும். 1984-இல் ரோஜர் உல்ரிச் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் அறுவைக்குப் பிறகு சராசரியாக 7.96 நாள் தங்கினார்கள், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாள். கடுமையான வலிமருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

அது ஜன்னல் காட்சி. படத்தையே சோதித்த ஆய்வு 1993-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் நடந்தது. இதய அறுவை முடிந்த 160 பேரில் சிலர் முன் இயற்கைக் காட்சி, சிலர் முன் அரூப ஓவியம் (இன்னது என்று உருவம் தெரியாத 'அப்ஸ்ட்ராக்ட்' வகை), சிலர் முன் எதுவும் இல்லை. நீரும் மரமும் விரிந்த வெளியுமாக இருந்த படத்தைப் பார்த்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. நேர்கோடுகளால் ஆன அரூப ஓவியம் வெறுஞ்சுவரைவிடக் கூடுதல் பதற்றம் தந்தது. ஆக, தவறான படம் மாட்டுவதைவிட மாட்டாமலே விடுவது மேல். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து அறிக்கை தந்திருக்கிறது. அதையும் கோப்பில் வையுங்கள்.

படம் மாட்டினால் நோயாளி சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆவார் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பதற்றம் தணியும், காத்திருக்கும் நேரம் கொஞ்சம் எளிதாகும், வழி தேடி அலைவது குறையும். நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான், செலவுக்கு இதுவே போதுமான காரணம்.

முதல் வேலை: படுத்துப் பார்ப்பது

படம் வாங்குமுன் ஒரு நாள் முழுக்க வார்டைச் சுற்றுங்கள். கூட வரவேண்டியவர்கள் நான்கு பேர்: அந்த வார்டின் மூத்த சிஸ்டர், தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், தினமும் அங்கே துடைக்கிற தூய்மைப் பணியாளர். கடைசியாகச் சொன்னவரைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எந்தச் சுவரில் ஸ்ட்ரெச்சர் இடிக்கும், எங்கே ஓதம் ஏறும், எந்த மூலையில் வெற்றிலை துப்புவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

காலியான கட்டிலில் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்திப் படுங்கள். கண்ணுக்கு நேரே எது படுகிறதோ அதுதான் படத்துக்கான சுவர். பெரும்பாலும் அது கால்மாட்டுச் சுவர். தலைமாட்டுச் சுவரில் மாட்டும் படம் நோயாளியின் கண்ணில் படவே படாது, ஆக்சிஜன் குழாய்க்கும் மானிட்டருக்கும் இடைஞ்சலாக மட்டும் இருக்கும். பிறகு கட்டிலை முழுக்கத் தாழ்த்தி மல்லாந்து படுங்கள். இப்போது தெரிவது கூரையும் விளக்கும்தான். 1933-இல் திறக்கப்பட்ட பின்லாந்தின் பைமியோ காசநோய் மருத்துவமனையை வடிவமைத்த ஆல்வார் ஆல்டோ, நாள் முழுக்க மல்லாந்து கிடப்பவரை மனத்தில் வைத்து அறையின் கூரைக்குக் கண்ணை உறுத்தாத பச்சை நிறம் பூசவைத்தார், விளக்கையும் கண்ணில் நேரே படாத இடத்துக்குத் தள்ளினார்.

இன்னொரு சோதனை. படம் வரப்போகும் இடத்தில் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளட்டும். படுக்கையிலிருந்து பார்க்கும்போது அதில் ட்யூப் லைட்டோ ஜன்னலோ தெரிந்தால், நாளைக்குப் படத்தின் மேலும் அதுவேதான் தெரியும். இடத்தை மாற்றுங்கள், முடியாவிட்டால் பளபளக்காத மேட் பரப்புள்ள ஷீட் போடுங்கள்.

எந்தப் படம், எந்த வார்டுக்கு

பொதுவான அடையாளம்: பகல் வெளிச்சம், அமைதியான நீர், பச்சை, உள்ளே நடந்து போகலாம் போன்ற திறந்த வெளி. நாற்று நட்ட வயல், படித்துறை, பனை வரிசைக்குப் பின்னால் ஏரி, கோயில் குளக்கரை அரசமரம், இவையெல்லாம் நம் ஊர் நோயாளிக்கு உடனே பிடிபடும். சுவிட்சர்லாந்துப் பனிமலை போஸ்டர் இங்கே யாருக்கும் எதையும் நினைவூட்டாது. மனித உருவம் இருந்தால் தூரத்தில், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். நம்மையே உற்றுப் பார்க்கும் பெரிய முகம் இரவில் காய்ச்சலோடு கிடப்பவரைத் தொந்தரவு செய்யும்.

தவிர்க்க வேண்டியவை: பட்டுப்போன மரம், புயல், இருண்ட வானம், துண்டு துண்டான உடல், ஆளில்லாத நாற்காலி, மூடிய கதவு, பொருள் பிடிபடாத அரூபம். கலைக்கூடத்தில் இவை சிறந்த படைப்புகளாகவே இருக்கலாம். ஆனால் வலியிலும் பயத்திலும் இருக்கும் மனம் தெளிவில்லாத எதிலும் தன் பயத்தையே காணும். அரூப ஓவியத்தை விட மனமில்லையென்றால் மருத்துவர்கள் கூடும் அறைக்கோ நூலகத்துக்கோ கொடுங்கள்.

வார்டைப் பொறுத்துக் கவனம் மாறும். பச்சிளங்குழந்தைப் பிரிவில் பெரிய மஞ்சள், நீலப் பரப்புகள் கூடவே கூடாது. அந்த நிறம் குழந்தையின் தோலில் பட்டுத் தெறித்தால் மஞ்சள் காமாலையைக் கண்ணால் மதிப்பிடுவது தவறிப்போகும். வெளிர் சாம்பல், வெள்ளை போன்ற நடுநிலை நிறம் போதும், படம் தாய்மார் உட்காரும் பக்கம் இருக்கட்டும். தீக்காயப் பிரிவில் குத்துவிளக்குப் படம்கூட வேண்டாம். கீமோதெரபி அறையில் உணவுப் படங்கள் குமட்டலைக் கிளப்பும். டயாலிசிஸ் நோயாளி தண்ணீரை அளந்து குடிப்பவர், அவர் எதிரே நான்கு மணி நேரம் அருவி கொட்டவேண்டாம், தோப்பும் வயலும் போதும். கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்ட கண்ணுக்கு நுண்ணிய வேலைப்பாடு எதுவும் தெரியாது, பளபளப்பு கூசும். பெரிய உருவம், அழுத்தமான வேறுபாடு, மேட் பரப்பு என்று எடுங்கள். மறதிநோய் உள்ள முதியவர்கள் பகுதியில் பளபளக்கும் கண்ணாடி கூடாது, அதில் தெரியும் தம் உருவத்தையே வேறு ஆள் என்று எண்ணிப் பயப்படுவார்கள்.

குழந்தைகள் வார்டு என்றதும் கோமாளி வரைந்துவிடுவது வழக்கம். 2008-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 4 முதல் 16 வயது வரையான 250 பிள்ளைகளிடம் மருத்துவமனை அலங்காரம் பற்றிக் கேட்டபோது, கோமாளிப் படம் யாருக்குமே பிடிக்கவில்லை. பெரிய பிள்ளைகள்கூடப் பயமாக இருக்கிறது என்றார்கள். விலங்கு, பறவை, ரயில், தேடிக் கண்டுபிடிக்கும்படி ஒளிந்திருக்கும் சின்ன உருவங்கள் நன்றாக எடுபடும். இலைகளுக்கு நடுவே ஏழு அணில்களை ஒளித்து வரைந்தால், ஊசி போடும்வரை பிள்ளையை எண்ணவைக்கலாம்.

சாமி படம் பற்றி நேராகவே பேசிவிடலாம். எல்லா மதத்தவரும் வரும் இடம் இது. வழிபாட்டுக்குத் தனியிடம் ஒதுக்கி, வார்டுச் சுவரைப் பொதுவாக வைப்பதே முறை. தஞ்சாவூர் ஓவியத்தில் கல்லும் தங்கத்தாளும் புடைத்திருப்பதால் துடைக்க முடியாது, தூசு சேரும். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் வையுங்கள், கழிப்பறைச் சுவரையொட்டி வேண்டாம்.

மாடிக்கு ஒரு திணை

படம் வழிகாட்டியாகவும் வேலை செய்யும். "ரேடியாலஜி" என்ற பலகையைப் படிக்க முடியாதவர்கூட "மான் படத்துக்கிட்ட இடது பக்கம் திரும்புங்க" என்றால் போய்ச் சேர்ந்துவிடுவார். அதற்கு ஒவ்வொரு தளமும் வேறாகத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டு மருத்துவமனைக்கு ஐந்திணை கைக்கெட்டிய ஏற்பாடு: தரைத்தளம் மருதம், அதற்கு மேல் முல்லை, பிறகு நெய்தல், உச்சியில் குறிஞ்சி. பாலையை விட்டுவிடுங்கள். வறண்ட நிலமும் பிரிவுத்துயரும் அங்கே படுத்திருப்பவருக்கு ஆகாது. கவிதை வரி சேர்க்க ஆசைப்பட்டால் ஒன்று கவனியுங்கள்: நெய்தலின் உரிப்பொருள், அதாவது பாட்டின் மைய உணர்வு, இரங்கல். கடலை எடுங்கள், அழுகைப் பாட்டை எடுக்காதீர்கள். கடலிலும் பொங்கும் அலை வேண்டாம். 2004 சுனாமியைக் கண்ட நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்து மக்களுக்கு அது வெறும் படமாகத் தெரியாது. அமைதியான கழிமுகமும் கரையேற்றிய கட்டுமரமும் போதும்.

திருப்பம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெரிய படம், ஒரே ஒரு உருவம். வராண்டா நெடுக வரிசையாகப் பத்துப் படம் மாட்டினால் எதுவும் அடையாளமாக நிற்காது. அவசர வழிப் பலகை, தீயணைப்புக் கருவி, அபாயமணி ஆகியவற்றின் பக்கத்தில் கண்ணை இழுக்கும் படம் கூடாது.

பொருள்: துடைக்க முடியுமா என்பதே கேள்வி

மருத்துவமனையில் சுவரில் இருக்கும் எதையும் ஈரத்துணியால் துடைத்தாக வேண்டும். கேன்வாஸ், துணி, திறந்த மர வேலைப்பாடு, பனையோலை இவற்றில் தூசும் கிருமியும் தங்கும். நோயாளி இல்லாத இடங்களுக்கு மட்டும் அவை பொருந்தும். ஐ.சி.யு., அறுவை அரங்கு, தனிமை வார்டு ஆகியவற்றில் ஃபிரேம் போட்ட படமே வேண்டாம். சுவரோடு ஒட்டி, விளிம்பு சிலிக்கானால் மூடிய வழவழப்பான பலகை மட்டும்.

சாதாரண வார்டுக்குக் கண்ணாடியைவிட அக்ரிலிக் நல்லது. உடைந்து சிதறாது, எடையும் பாதி: 90 × 60 செ.மீ. அளவில் 3 மி.மீ. அக்ரிலிக் சுமார் 2 கிலோ, அதே கண்ணாடி 4 கிலோ. ஆனால் ஸ்பிரிட்டால் துடைத்தால் அக்ரிலிக்கில் மெல்லிய வெடிப்புகள் விழுந்து மங்கிவிடும். வார்டில் எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைப்பது கைப்பழக்கம் என்பதால், நல்ல படங்கள் கெடுவதற்கு இதுவே முதல் காரணம். மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் என்று படத்தின் பின்பக்கத்திலும் பராமரிப்பு அட்டையிலும் எழுதி ஒட்டுங்கள். ஸ்பிரிட் தவிர்க்க முடியாத இடமென்றால் பாலிகார்பனேட் ஷீட்டுக்கு மாறுங்கள். ஹைப்போகுளோரைட் (பிளீச் வகைக் கிருமிநாசினி) தெளித்த துணி அச்சு நிறத்தை வெளுக்கும், அது புழங்கும் இடத்தில் அச்சுப் பரப்பு ஷீட்டுக்குப் பின்னால் இருக்கட்டும்.

ஹைப்போகுளோரைட் படாத இடமென்றால் அலுமினியக் கலப்புப் பலகையில் நேரடியாக அச்சிடுவதும் நல்ல வழி. வாங்கும்போது தீ பரவாத ரகம்தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மலிவான பலகையின் நடுவில் இருப்பது எரியக்கூடிய பிளாஸ்டிக்.

புகைப்படம் அச்சிட்டால் கோப்பின் அளவைப் பாருங்கள். 90 × 60 செ.மீ. படத்துக்கு அங்குலத்துக்கு 150 புள்ளி என்றால் 5315 × 3543 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராப் படம் தாராளமாகப் போதும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக வந்த கோப்பு போதாது, அது சுருங்கித்தான் வரும். மூலக்கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பிக்மென்ட் மையில் அச்சிடச் சொல்லுங்கள், சாய (டை) மை ஜன்னல் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும்.

அளவும் உயரமும்

கட்டிலிலிருந்து எதிர்ச்சுவர் இரண்டரை, மூன்று மீட்டர் இருக்கும். அந்தத் தூரத்துக்குக் குறைந்தது 90 × 60 செ.மீ. வேண்டும். ஏ4 அளவுப் படம் தபால்தலை போலத் தெரியும்.

உயரத்தைப் படத்தின் நடுப்புள்ளியிலிருந்து கணக்கிடுங்கள். நின்று நடக்கும் வராண்டாவில் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ., உட்கார்ந்து காத்திருக்கும் கூடத்தில் சுமார் 120 செ.மீ., குழந்தைகள் நின்று பார்க்கும் இடத்தில் 90 முதல் 110 செ.மீ. படுக்கைக்கு எதிரே 150 முதல் 165 செ.மீ. அதற்குக் கீழே வைத்தால் கட்டிலின் கால்பலகையும் சாப்பாட்டு மேசையும் மறைக்கும்.

வராண்டாவில் ஸ்ட்ரெச்சரும் குளுக்கோஸ் ஸ்டாண்டும் இடிக்காதபடி படத்தின் அடிவிளிம்பு 120 செ.மீ.-க்குக் கீழே இறங்கக்கூடாது, படம் பெரிதென்றால் நடுப்புள்ளியும் அதற்கேற்ப மேலே போகட்டும். சுவரிலிருந்து 10 செ.மீ.-க்கு மேல் எதுவும் நீட்டக்கூடாது, கோல் தட்டி நடக்கும் பார்வையற்றவருக்கு அது தலையில்தான் தட்டுப்படும்.

ஸ்கேன் அறை, பல் மருத்துவ நாற்காலி போன்ற இடங்களில் கூரைப் படம் பயன்படும். ஃபால்ஸ் சீலிங்கில் 60 × 60 செ.மீ. கட்டத்தில் பொருந்தும் பலகையில் வானமோ மரக்கிளையோ அச்சிட்டு வைக்கலாம். ஸ்பிரிங்க்ளர், புகை உணரி, ஏ.சி. வாய் இவற்றை மூடாதீர்கள். நோயாளியைப் பரிசோதிக்கும் விளக்கின்மேல் நிறமுள்ள ஷீட்டை ஒட்டவே கூடாது, நீல வெளிச்சத்தில் உதடு நீலமா இல்லையா என்று மருத்துவரால் சொல்ல முடியாது.

துளை போடுமுன்

எக்ஸ்ரே, சி.டி. அறைச் சுவருக்குள் ஈயத்தகடு இருக்கலாம். அங்கே துளையிட்டால் கதிர்வீச்சுத் தடுப்பு ஓட்டையாகும், அங்கே ஒட்டுவது மட்டும்தான். எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்பு திருகு, இரும்பு ஃபிரேம், சாதாரண டிரில் எதுவும் போகக்கூடாது. அந்த அறையின் வேலையைக் கருவி நிறுவியவர்களின் ஒப்புதலோடு மட்டும் செய்யுங்கள். ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் வயர் ஓடும். கட்டில் தலைமாட்டில் ஆக்சிஜன் குழாய் ஓடும், அந்தப் பக்கமே டிரில் போகவேண்டாம்.

டிரில் தூசியில் பூஞ்சை வித்துகள் பறக்கும். புற்றுநோயாளிக்கும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவருக்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அறை காலியாக இருக்கும் நாளில், கதவை மூடி, துளைக்குக் கீழே வேக்குவம் குழாயைப் பிடித்துக்கொண்டு துளைபோட்டு, முழுச் சுத்தம் முடிந்த பிறகே நோயாளியை உள்ளே விட வேண்டும்.

செங்கல் சுவரில் 8 மி.மீ. துளை, நைலான் பிளக், 50 மி.மீ. துருப்பிடிக்காத திருகு. பூச்சு மட்டும் 12 முதல் 15 மி.மீ. இருக்கும், திருகு அதைத் தாண்டிச் செங்கலுக்குள் இறங்கினால்தான் பிடி. ஜிப்சம் தடுப்பில் சாதாரண பிளக் நிற்காது, உள்ளே விரிந்து பிடிக்கும் வகை வேண்டும், கனமான படத்தை உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தில் திருகுங்கள். கயிற்றிலோ கம்பியிலோ தொங்கவிடாதீர்கள். மேலே இரண்டு, கீழே ஒன்று என மூன்று இடத்தில் பிடிக்க வேண்டும், அப்போதுதான் ஆடாது, திருடும் போகாது. மனநல வார்டில் கொக்கி, கயிறு, கண்ணாடி, கழற்றக்கூடிய திருகு எதுவுமே கூடாது. சுவரில் வரைவதே அங்கே பாதுகாப்பு.

சுவரோவியம்

முதலில் ஓதத்தைச் சோதியுங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி பூத்தால் அந்தச் சுவரில் வரையவேண்டாம், அடுத்த மழைக்காலத்திலேயே பொரிந்து உதிரும். புதுப்பூச்சுக்கு 28 நாளாவது காய அவகாசம் கொடுங்கள். துடைக்கக்கூடிய, வாடை குறைந்த அக்ரிலிக் எமல்ஷன் பயன்படுத்தி, மேலே தண்ணீர் சார்ந்த (வாட்டர் பேஸ்டு) பாலியூரித்தேன் பூச்சு இரண்டு கை கொடுங்கள். எண்ணெய் எனாமல் வாடை ஆஸ்துமா நோயாளிக்கு ஆகாது. தன்னார்வ மாணவர்கள் வரைய வந்தால், மாதிரி ஓவியத்தை முதலிலேயே சிஸ்டர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். வரைந்து முடித்த பிறகு மாற்றச் சொல்வது எல்லோருக்கும் சங்கடம்.

ஓவியரோடு ஒப்பந்தம்

சென்னை எழும்பூரிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகளில் விசாரித்தால் நல்ல கைகள் கிடைக்கும். வாங்கப் பணமில்லையென்றால் இரவலாகக் கேளுங்கள். 1959-இல் லண்டனில் தொடங்கிய 'பெயின்டிங்ஸ் இன் ஹாஸ்பிட்டல்ஸ்' அமைப்பு மருத்துவமனைகளுக்கு ஓவியங்களை இரவல் கொடுக்கும் முறையிலேயே வளர்ந்தது.

1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஏற்கெனவே வரைந்த ஓவியத்தை வாங்கினால் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். காலண்டரில் அச்சிட அவர் அனுமதி வேண்டும். பணம் கொடுத்து வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை வரையச் சொன்னவருக்கு. யாரிடம் இருந்தாலும் 57-வது பிரிவு தரும் தார்மிக உரிமை, அதாவது வரைந்தவர் தானே என்று சொல்லவும் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கவும் உள்ள உரிமை, ஓவியருடையது. டெல்லி விஞ்ஞான் பவனின் சுவர்ச்சிற்பத்தை அரசு 1979-இல் பெயர்த்தெடுத்துச் சேதப்படுத்திய வழக்கில், சிற்பி அமர்நாத் சேகலுக்கு 5 லட்ச ரூபாய் இழப்பீடும் சிற்பத்தின் மிச்சமும் கொடுக்க டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் உத்தரவிட்டது. சுவரை இடிக்க நேர்ந்தால் எத்தனை நாள் முன் சொல்வது, யார் எடுத்துச் செல்வது என்று ஒப்பந்தத்தில் இப்போதே எழுதிவிடுங்கள். இணையத்தில் தேடி எடுத்த படத்தை அச்சிடாதீர்கள். நோயாளியின் முகம் தெரியும் புகைப்படத்துக்கு எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள்.

படத்துக்குக் கீழே சிறு குறிப்பு: ஊர், மரம் அல்லது பறவையின் பெயர், வரைந்தவர் பெயர். தமிழில், 24 பாயின்ட் அளவுக்குக் குறையாத எழுத்தில், மூன்று வரிக்குள். "கல்லணை, காவிரி" என்று இருந்தாலே அடுத்தடுத்த கட்டிலில் இருப்பவர்களுக்குப் பேச்சு கிடைக்கும்.

மாட்டிய பிறகு

ஒவ்வொரு படத்துக்கும் எண் கொடுத்து ஒரு பதிவேடு வையுங்கள்: இடம், மாட்டிய தேதி, பொருள், எதனால் துடைக்கலாம், யார் கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயின்டனன்ஸ் ஆள் ஒவ்வொரு படத்தையும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் வெளிச்சுவரில் உள்ள படங்களின் பின்பக்கத்தை மாதந்தோறும் பாருங்கள், பூஞ்சணம் அங்கேதான் தொடங்கும். பூஞ்சணம் கண்ட படத்தை உறையிலிட்டு உடனே வார்டைவிட்டு வெளியே எடுத்துவிட வேண்டும், அங்கேயே தட்டித் துடைக்கக்கூடாது.

முதல் மாத முடிவில் நோயாளிகளிடமும் துணைக்கு இருப்பவர்களிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: எதிரே என்ன படம் இருக்கிறது? பார்க்கும்போது எப்படி இருக்கிறது? மாற்றலாமா? முதல் கேள்விக்குப் பதில் வராவிட்டால் படம் சின்னது, அல்லது இடம் தவறு. யாராவது ஒருவர் பயமாக இருக்கிறது என்றால் வாக்கெடுப்பு வேண்டாம், அன்றே கழற்றி வேறு இடத்துக்குக் கொடுங்கள். அதற்காகவே இரண்டு மூன்று படங்களை ஸ்டோரில் கூடுதலாக வைத்திருங்கள், எல்லாம் ஒரே அளவில், ஒரே துளைக்குப் பொருந்துவதாக.